குழாய்க் கட்டு நழுவிய பிறகு: வேன் கேரியரை மாற்றியமைத்த பதிவு

குழாய் வேலைக்குப் போகும் என் வேனின் கூரைக் கேரியரில் குழாய்களைக் கட்டும் முறையை நான் பல ஆண்டுகளாக மாற்றவே இல்லை. இரண்டு குறுக்குச் சட்டங்கள், பல்சக்கரக் கைப்பிடியால் இறுக்கும் இரண்டு ராட்செட் பெல்ட்டுகள், பின்முனையில் ஒரு சிவப்புத் துணி, அவ்வளவுதான். கட்டி முடித்ததும் குழாய்க் கட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒரு முறை உலுக்குவேன். குழாய்கள் ஆடாமல் வேனே ஆடினால் கட்டு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

ஒரு நாள் சாலைச் சந்திப்பில் முன்னே சென்ற கார் சட்டென நின்றதால் பிரேக்கை முழு அழுத்தத்தில் மிதித்தேன். தலைக்கு மேலே ஓர் உரசல் ஒலி கேட்டது. மறுகணம் கண்ணாடிக்கு மேலிருந்து வெள்ளைக் குழாய் ஒன்று நீண்டு வந்து, பானெட்டைத் தாண்டி, முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடிக்கு ஒரு முழம் இருக்கையில் தலை கவிழ்ந்து தொங்கி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது 25 மி.மீ. பிவிசி குழாய், 3 மீட்டர் நீளத்துக்கு அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் எடைதான். அதே இடத்தில் 6 மீட்டர் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இருந்திருந்தால் அதன் எடை 14 கிலோவுக்கு மேல் இருந்திருக்கும் என்ற எண்ணம் அன்று மாலை வரை என்னை விடவில்லை.

வண்டியை ஓரங்கட்டி மேலே ஏறிப் பார்த்தபோது எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. பெல்ட் இரண்டும் விரலால் சுண்டினால் அதிரும் அளவுக்கு இறுக்கமாகவே இருந்தன. கட்டிலிருந்த மற்ற குழாய்கள் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நடுவிலிருந்த ஒன்று மட்டும், பென்சில் பெட்டியிலிருந்து உருவிய பென்சிலைப் போல வெளியே வந்திருந்தது. பின்புறம் சென்று பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. எல்லாக் குழாய்களின் சாக்கெட் முனைகளையும் (அடுத்த குழாய் உள்ளே நுழையும்படி விரிந்த முனைகளையும்) நான் பின்பக்கமாகவே அடுக்கியிருந்தேன். சாக்கெட், குழாயின் உடலைவிடத் தடிமனானது. பின்னால் சாக்கெட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றதால் அவற்றுக்கு முன்னே உடல்களுக்கு இடையே இடைவெளி விழுந்திருந்தது. பெல்ட்டின் அழுத்தம் வெளிவட்டத்துக் குழாய்களிலேயே முடிந்துபோய், நடுக்குழாய் யாருடைய பிடியிலும் இல்லாமல் கிடந்திருக்கிறது.

சாக்கெட்டுகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடுக்குவது அன்றே பழக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்குச் செலவும் இல்லை, கருவியும் வேண்டாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. வேலை குறைவாக இருந்த ஒரு வாரத்தில் கேரியரைக் கழற்றி இறக்கி, முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினேன்.

பெல்ட் என்ன செய்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. பாரத்தின் மேல் குறுக்கே போட்டு இறுக்கும் பெல்ட், பாரத்தைச் சட்டத்தின் மீது அழுத்துகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பாரம் முன்னால் ஓடாமல் தடுப்பது அந்த அழுத்தத்தால் விளையும் உராய்வு. சாலையில் பாரம் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநெறி, முன்னோக்கிப் பாரத்தின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கு விசையையும் கட்டு தாங்க வேண்டும் என்று வைத்துக் கணக்கிடுகிறது. என் வழக்கமான கட்டு 60 கிலோ என்றால், பிரேக் பிடிக்கும்போது 48 கிலோ எடைக்கு நிகரான விசை அதை முன்னால் தள்ளும். வழவழப்பான பிவிசிக்கும் பெயின்ட் அடித்த இரும்புச் சட்டத்துக்கும் இடையே உராய்வுக் கெழுவை, அதாவது எடையில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறுகிறது என்பதை, 0.2 என்று கொண்டால், கட்டின் சொந்த எடையால் கிடைக்கும் பிடிப்பு வெறும் 12 கிலோ. மீதமுள்ள 36 கிலோவைப் பெல்ட்டுகளின் அழுத்தமே ஈடுசெய்ய வேண்டும். அதற்கு அவை 180 கிலோ அளவுக்குக் கட்டைக் கீழே அழுத்த வேண்டும். பிவிசி குழாய்களை அந்த அளவுக்கு நசுக்கினால் கடைசியில் எதைப் பொருத்துவது?

சட்டத்தின் மேல் கெட்டியான ரப்பர் பாயை ஒட்டினால் கெழு 0.6 வரை உயரும். அப்போது சொந்த எடையாலேயே 36 கிலோ பிடிப்புக் கிடைத்துவிடுகிறது. எஞ்சிய 12 கிலோவுக்கு 20 கிலோ அழுத்தம் போதும். காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது, இத்தனை ஆண்டுகளாக ராட்செட் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த என் தோள்பட்டைக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. ஆயினும் ரப்பரைத் தொடுவது கட்டின் அடிவரிசை மட்டுமே. நடுக்குழாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே முன்னால் ஒரு முட்டு, அதாவது குழாய் முனைகளைத் தடுத்து நிறுத்தும் தடுப்பு, இருந்தே ஆக வேண்டும் என்றும், பெல்ட்டின் வேலை கட்டை ஒன்றாகச் சேர்த்துப் பிடிப்பதும் மேலெழும்பாமல் வைத்திருப்பதும் மட்டுமே என்றும் முடிவு செய்துகொண்டேன்.

இந்த முட்டுத் தடுப்பை 40 மி.மீ. ஆங்கிளில் (L வடிவ இரும்பில்) செய்தேன். 60 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள சட்டத்தைப் பற்றவைத்து, அதன் பின்முகத்தில், அதாவது குழாய் முனைகள் வந்து மோதும் பக்கத்தில், 18 மி.மீ. ஒட்டுப்பலகையைப் பொருத்தி, பலகையின் மேல் ரப்பர் பாயை ஒட்டினேன். இரும்புத் தகட்டையே வைத்திருக்கலாம். ஆனால் வெட்டிய பிவிசி முனையும் செம்புக் குழாயின் முனையும் இரும்பில் தொடர்ந்து இடித்தால் விளிம்பு சிதைந்து, பணியிடத்தில் ஒவ்வொன்றையும் மறுபடி வெட்டிச் சீர் செய்ய வேண்டிவரும். பலகையில் காற்றுப் போவதற்கு ஓட்டைகள் இடலாம் என்று 30 மி.மீ. ஓட்டைக் கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான், 20 மி.மீ. குழாய் அதே ஓட்டை வழியாகப் போய்விடுமே என்பது உறைத்தது. கத்தியைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

முதல் முறை அந்த முட்டுத் தடுப்பை முன் குறுக்குச் சட்டத்தின் மேல் இரண்டு 10 மி.மீ. போல்ட்டுகளால் நேராக நிறுத்தினேன். பார்ப்பதற்குத் திடமாகவே இருந்தது. வண்டியை ஆளில்லாத திடலுக்குக் கொண்டுபோய், கட்டை ஏற்றி, பெல்ட்டை வேண்டுமென்றே தளர்வாக விட்டு, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தேன். முட்டு முன்னால் சாய்ந்திருந்தது. போல்ட்டும் வளையவில்லை, ஆங்கிளும் வளையவில்லை. உருண்டையான குறுக்குச் சட்டமே தன் கிளாம்புக்குள் சுழன்றுவிட்டது. விசை 20 செ.மீ. உயரத்தில் வந்து மோதும்போது முட்டு ஒரு நெம்புகோலாகிவிடும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. முட்டின் மேல் மூலைகளிலிருந்து இரண்டாம் குறுக்குச் சட்டம் வரை இரு பக்கமும் பட்டைக் கம்பிகளைச் சாய்வாக இழுத்துப் பொருத்தி, எல்லா நட்டுகளையும் அதிர்வில் கழலாத நைலாக் நட்டுகளாக மாற்றினேன். பிறகு அதே திடலில் வேகத்தை 30 வரை கூட்டிப் பார்த்தபோது, குழாய்கள் பலகையில் மோதும் 'டப்' என்ற ஒரே ஒலி மட்டும் கேட்டது, முட்டு அசையவில்லை.

பெல்ட் கட்டும் விதத்தையும் மாற்றினேன். முன்பு பெல்ட் ஒரு பக்கக் கொக்கியிலிருந்து கட்டின் மேலேறி மறுபக்கம் இறங்கும். இப்போது அதைக் கட்டின் அடியில் கொடுத்து முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே மறுபக்கக் கொக்கிக்குக் கொண்டுபோகிறேன். ராட்செட்டை 'கிர்ர், கிர்ர்' என்று இறுக்கும்போது கட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்நோக்கிச் சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒழுங்கின்றிக் கிடந்த குழாய்கள் ஒன்றன் பள்ளத்தில் ஒன்று உருண்டு விழுந்து தம் இடத்தைத் தேடிக்கொள்கின்றன. அப்படி ஒன்று விழும் ஒவ்வொரு முறையும் பெல்ட் சற்றுத் தளர்ந்துபோகும். அதனால் முதல் இறுக்கத்துக்குப் பின் கட்டைக் கையால் நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி இறுக்குகிறேன். வண்டி சில கிலோமீட்டர் ஓடிய பின் நிறுத்தி இன்னொரு முறையும் பார்க்கிறேன். இந்த மூன்றாவது இறுக்கத்தில் எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது ஏறுகின்றன என்பது, முன்பெல்லாம் எவ்வளவு தளர்வோடு ஓட்டியிருக்கிறேன் என்பதற்குச் சாட்சி.

பெல்ட்டின் தொங்கும் பகுதி காற்றில் அதிர்ந்து ஓயாமல் ரீங்கரிக்கும். கட்டுக்கும் கொக்கிக்கும் இடையில் பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டால் அந்த ஒலி நின்றுவிடும். முடிச்சுப் போட்டுச் சுருக்கக் கூடாது. முடிச்சு விழுந்த இடத்தில் பெல்ட்டின் வலிமை பாதியளவுக்குக் குறைந்துவிடும். ரப்பர் கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்னுடன் வேலை செய்யும் தம்பிக்கு, இரு முனையிலும் கொக்கி வைத்த அந்த மீள்கயிற்றின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. "இழுத்துப் பாருங்க அண்ணே, கெட்டியாத்தானே இருக்கு" என்பான். இழுத்தால் நீண்டு கொடுப்பதே அதன் இயல்பு என்னும்போது, பிரேக் பிடித்தாலும் அது நீண்டுதானே கொடுக்கும்? இப்போது அந்தக் கயிறுகள் வேனுக்குள் வெற்றுச் சாக்குகளைச் சுருட்டி வைக்க மட்டுமே பயன்படுகின்றன.

இறுக்கம் அளவுக்கு மீறினாலும் கேடுதான் என்பதை இடையில் ஒரு சம்பவம் கற்றுத்தந்தது. 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய்கள் நான்கை மாலையில் ஏற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். மறுநாள் வேலை தள்ளிப்போனதால் அவை பகல் முழுவதும் வெயிலிலேயே கிடந்தன. மூன்றாம் நாள் இறக்கிப் பொருத்த முயன்றபோது, பெல்ட் அழுத்தியிருந்த முனை ரப்பர் வளையத்துக்குள் ஏற மறுத்தது. காலிப்பரை வைத்து அளந்ததில் ஒரு திசையில் 106, குறுக்குத் திசையில் 114 மி.மீ. காட்டியது. பிவிசி சூட்டில் இளகும் பொருள். பெல்ட் நசுக்கிய முட்டை வடிவத்திலேயே அது படிந்துவிட்டது. அந்த முனையை ஒரு சாண் அளவுக்கு வெட்டியெறிந்தேன். அதன் பிறகு பெரிய குழாய்களில் பெல்ட்டை முனையிலிருந்து தள்ளியே போடுகிறேன். வண்டி நிற்கும் இரவுகளில் ராட்செட்டை இரண்டு பல் தளர்த்தி விடுகிறேன். காலையில் மறுபடி இறுக்க மறந்துவிடக் கூடாது என்பதற்காக, தளர்த்திய நாட்களில் சாவிக் கொத்தில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது.

செம்புக் குழாய்களையும் மெல்லிய சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிவிசி வகை) குழாய்களையும் திறந்த கேரியரில் வைப்பதே எனக்குப் பிடிக்காது. மெல்லிய செம்பு பெல்ட்டின் அழுத்தத்திலேயே நெளிந்துவிடும். தூசி உள்ளே புகுந்துவிட்டால் பின்னால் வால்வுகளில் போய் அடைக்கும். திறந்து கிடந்த ஒரு குழாயில் குளவி மண்கூடு கட்டியிருந்ததை ஒரு முறை தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே கண்டுபிடித்தேன். இவற்றுக்கென்று மூடிய உறைக்குழாய் ஒன்றைச் செய்வதாக நெடுநாள் எண்ணம். கையில் மீந்திருந்த 160 மி.மீ. பிவிசி குழாயில் 3.2 மீட்டர் வெட்டியெடுத்து, முன்முனையில் எண்ட் கேப்பை (முனை மூடியை) கரைபசையால் ஒட்டி, பின்முனையில் கீல் வைத்த தட்டுக் கதவும் பூட்டும் பொருத்தினேன். முதலில் கதவுக்குப் பதில் மரையுள்ள மூடியைத்தான் வைத்தேன். இரண்டு வாரத்தில் மரையில் தூசி ஏறித் திருக முடியாமல் போனது. ஒரு நாள் அதிர்வில் தானாகவே கழன்று அரைத் திருகில் நின்றது. இப்போது கதவில் பூட்டோடு ஒரு குறுக்குப் பின்னும் உண்டு.

உறைக்குழாயைக் கேரியரில் குழாயை வளைத்துப் பிடிக்கும் மூன்று சேடில் கிளாம்புகளால் பிணைத்தேன். இங்கே நான் செய்த தவறைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சுவரில் ஓடும் பிவிசி குழாயை எல்லாக் கிளாம்பிலும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, ஓரிடத்தில் நிலையாகவும் மற்ற இடங்களில் நழுவும்படியும் பிடிக்க வேண்டும் என்று நான் வேலை கற்றுக்கொடுத்தவர்கள் பலர். பிவிசி ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 0.065 மி.மீ. நீளும். விடியற்காலையில் 20 பாகையில் இருக்கும் உறைக்குழாய் உச்சி வெயிலில் 60 பாகையை எட்டினால், 3.2 மீட்டர் நீளத்துக்கு 8 மி.மீ.க்கு மேல் நீள வேண்டும். நானோ மூன்று கிளாம்பையும் மூச்சுமுட்ட இறுக்கியிருந்தேன். ஒரு மதியம் பார்த்தால், உறைக்குழாய் இரு கிளாம்புகளுக்கு நடுவே வில்லாக மேலெழும்பி நின்றது. பின் கிளாம்பின் காது வளைந்திருந்தது. நடுக் கிளாம்பை மட்டும் இறுக்கமாக விட்டு, மற்ற இரண்டையும் உள்ளே மெல்லிய ரப்பர் வைத்து, குழாய் நழுவும் அளவுக்குத் தளர்த்தியதும் அது தன்னால் நேரானது. வெயிலில் இளகித் தொய்யாமல் இருக்க, பிறகு தாங்கிகளின் இடைவெளியை 80 செ.மீ.க்குக் குறைத்தேன்.

முன்முனை எண்ட் கேப் ஒட்டிய இடத்தில் மாதக்கணக்கில் தாங்கிவிட்டு, ஒரு குளிர்ந்த காலையில் பிளந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் செம்புக் குழாய்கள் உள்ளே வழுக்கி வந்து அதை இடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. குளிரில் பிவிசி நொறுங்கும் தன்மை பெறுவதால் கடைசி இடி அதை உடைத்துவிட்டது. இன்னும் தடிமனான கேப்பை ஒட்டிப் பயனில்லை. மோதும் விசை உறைக்குழாயின் உடலுக்கோ ஒட்டுக்கோ போகாமல் கேரியருக்குப் போக வேண்டும். அதனால் ஒட்டுப்பலகை வைத்த முட்டுத் தடுப்பை ஒட்டியே ஓர் இரும்புத் தட்டைப் பற்றவைத்து, உறைக்குழாயின் புதிய கேப் அந்தத் தட்டில் சாய்ந்து நிற்கும்படி அமைத்தேன். வெப்பத்தில் முன்பாதி நீள்வதற்கு இடையே 5 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியைப் பஞ்சு ரப்பரால் நிரப்பினேன். கேப்பின் உட்புறம் ஒரு மரவில்லையும் அதன் மேல் ரப்பரும் இருக்கின்றன. உள்ளே பழைய கம்பளத் துண்டை விரித்த பிறகு கலகலப்பும் அடங்கியது.

மழைநீர் கதவிடுக்கில் புகும் என்பதால் உறைக்குழாயை முன்னிருந்து பின்னோக்கி 3 செ.மீ. சரித்து, பின்முனையின் அடியில் 8 மி.மீ. துளை ஒன்றும் இட்டேன். நூற்றுக்கு ஒன்று சரிவு. கழிவுநீர்க் குழாய் பதிக்கும் கைக்கு அந்தச் சரிவு தானாகவே வந்துவிடுகிறது.

6 மீட்டர் நீளங்கள் வேறு வகைச் சிக்கல். 3 மீட்டரில் முடியும் கேரியரில் முன் முட்டுக்கு அணைத்து வைத்தால் பின்னால் பாதி நீளம் வெளியே தொங்கும். முன்னும் பின்னும் சமமாக நீட்டி வைத்தால் முட்டின் பயன் போய்விடும். பிவிசியைப் பொறுத்தவரை பணியின் வரைபடத்தைப் பார்த்து, முடிந்த இடங்களில் கடையிலேயே இரண்டாக வெட்டி வாங்கிவிடுகிறேன்; எப்படியும் இரு குழாய்களை இணைக்கும் கப்ளிங் ஒன்று வரவிருக்கும் இடத்தில் வெட்டு விழுமாறு பார்த்துக்கொண்டால் கூடுதல் இணைப்பும் இல்லை. வெட்டவே முடியாத நீளங்களைப் பணியிடத்துக்கே லாரியில் அனுப்பச் சொல்கிறேன்.

எப்போதாவது ஜிஐ குழாயைக் கூரையில் ஏற்றியே தீர வேண்டியிருந்தால், முதலில் எடைக் கணக்கு. என் வேனின் கையேட்டில் கூரை 150 கிலோ தாங்கும் என்றிருக்கிறது; அதில் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முட்டு, உறைக்குழாய் எல்லாம் சேர்த்து என் கேரியர் 46 கிலோ. மீதி 104 கிலோ; ஏழு குழாய்கள் அதை ஏறத்தாழ முழுவதும் எடுத்துக்கொள்ளும் என்பதால் 25 மி.மீ. ஜிஐ குழாய் ஏழாவது ஏறக் கூடாது. அதுவும் உறைக்குழாய் காலியாக இருந்தால் மட்டுமே ஆறு. அடுத்தது தாங்கும் இடம். சீரான எடையுள்ள நீண்ட பொருளை இரு இடங்களில் தாங்குவதானால், ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.22 பங்கு தள்ளித் தாங்கும்போதுதான் தொய்வு மிகக் குறையும். 6 மீட்டருக்கு அது 1.3 மீட்டர். என் முன், பின் சட்டங்கள் அவ்வளவு அகலமாக நிற்கவில்லை என்பதால் அவற்றைக் கேரியரின் இரு ஓரங்களுக்கும் தள்ளி, நடுவில் மூன்றாவது சட்டம் ஒன்றைச் சேர்த்தேன். தாங்கும் தூரம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும் என்பதால், வெளியே நீட்டும் முனையில் ஒரு சாண் குறைந்தாலும் துள்ளல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அடங்குகிறது.

முட்டு இல்லாத குறையைப் பெல்ட்டாலேயே ஈடுகட்டுகிறேன். கட்டின் முன்முனைகளைத் தடித்த கான்வாஸ் பைக்குள் நுழைத்து, பையின் முகத்துக்குக் குறுக்கே ஒரு பெல்ட்டை வைத்து, அதன் இரு கைகளையும் பின்னோக்கிச் சாய்வாக இழுத்துக் கேரியரின் இரு பக்கக் கொக்கிகளிலும் மாட்டிவிடுகிறேன். குழாய் முன்னே நகர வேண்டுமானால் இந்தப் பெல்ட் அறுந்தாக வேண்டும். காற்று முன்முனைகளைத் தூக்காமல் இருக்க, இன்னொரு பெல்ட் அங்கிருந்து பம்பரின் இழுவை வளையத்துக்கு இறங்குகிறது. வண்டிக்கு வெளியே எவ்வளவு நீட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பக் கூடாது. பகலில் சிவப்புத் துணி, இருட்டில் சிவப்பு விளக்கு, எங்கு ஓட்டினாலும் வைத்துவிடுகிறேன்.

கிளம்பும் முன் செய்யும் சோதனையும் மாறிவிட்டது. கட்டை உலுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்னால் ஏணியில் ஏறி நின்று ஒவ்வொரு குழாயின் முனையையும் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளிப் பார்க்கிறேன். இருபத்தைந்து குழாய்க்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நகரும் குழாய் ஒன்று இருந்தால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும்; அதைப் பலகையில் முட்டும்வரை தள்ளிவிட்டுப் பெல்ட்டை மறுபடி இறுக்குகிறேன். தம்பியும் இப்போது அப்படியே செய்கிறான். ஆனால் கட்டைவிரலுக்குப் பதில் சுத்தியலின் மரக்கைப்பிடியால் தட்டுகிறான். அதுவும் நன்றாகவே இருக்கிறது; தளர்ந்த குழாயின் ஒலி வேறாகக் கேட்கிறது.

எட்டு மாதத்தில் குறுக்குச் சட்டத்தின் ரப்பரை ஒரு முறை மாற்றினேன். வெயிலில் வெடித்து உதிரத் தொடங்கியிருந்தது. விளிம்பு பிசிறடித்த இரண்டு பெல்ட்டுகளை வெட்டிக் குப்பையில் போட்டேன். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள். வண்டி ஓடும்போது முட்டுப் பலகையில் காற்று மோதி எழும் இரைச்சல் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்து பலகையின் மேல் விளிம்பில் வட்டமான குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்துப் பார்க்கலாம் என்று 50 மி.மீ. துண்டு ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.